தாயம்: சூதா, ஆட்டமா?

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது

தாயக்கட்டை உருளும் ஓசை கேட்டவுடன் நம் வீடுகளில் இருவகைக் குரல்கள் எழுவதுண்டு. "எனக்கும் ஒரு காய் போடுங்கள்" என்று ஓடி வருவோர் ஒருபுறம். "உருட்டுகிற வீடு உருப்படாது, எடுத்து வையுங்கள்" என்று கடிந்துகொள்வோர் மறுபுறம். தருமனும் நளனும் நாடிழந்தது பகடையால் அல்லவா என்பது இரண்டாமவர்களின் கேள்வி. அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆகவே தாயம் எவ்வாறு ஆடப்படுகிறது, அதற்கு உறவான ஆட்டங்கள் உலகில் எவை, சூது என்பது அதில் எந்த இடத்தில் நுழைகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கட்டமும் காயும்

தாயம் ஆடப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. திண்ணையில் ஒரு சுண்ணக்கட்டியாலோ செங்கல் துண்டாலோ ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் வரைந்தால் போதும். நான்கு பக்கங்களிலும் நடுவில் உள்ள கட்டத்திலும், பலகையின் நட்டநடுக் கட்டத்திலும் பெருக்கல் குறி இடவேண்டும். பக்கத்துக் குறிகளுக்கு 'மலை' என்று பெயர். மலையில் நிற்கும் காயை யாரும் வெட்டக் கூடாது. மலையடிவாரத்தில் வாழும் திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ? நட்டநடுக் கட்டமே பழம். அங்குப் போய்ச் சேர்ந்த காய் 'பழமாகி' விட்டது என்பர்.

இருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். ஆளுக்கு 4 காய்கள். புளியங்கொட்டை, கூழாங்கல், உடைந்த வளையல் துண்டு, சட்டைப் பொத்தான் எதுவும் காயாகும். அவரவர் பக்கத்து மலையே அவரவர் தொடக்க இடம். அங்கிருந்து காய் வெளிவட்டத்தின் 16 கட்டங்களையும் வலப்புறமாகத் தொடங்கிச் சுற்றி, பின் உள்வட்டத்தின் 8 கட்டங்களை எதிர்த்திசையில் சுற்றி, நடுவை அடைய வேண்டும். ஆக, பழத்துக்கு 24 அடிகள். நம் ஊரில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோர் கடிகாரம் சுழலும் திசையில் மலையைச் சுற்றுவார்கள். தாயக்காயோ வெளிவட்டத்தில் அதற்கு நேர் மாறாகச் சுற்றி, உள்வட்டத்தில்தான் அவர்களைப் போல் நடக்கிறது!

உருட்டுவதற்குப் பித்தளையால் ஆன இரண்டு நீண்ட கட்டைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள். ஒரு முகத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, மற்றொன்று வெறுமை. இரண்டையும் உள்ளங்கையில் உரசி உருட்டி விழும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். ஒரே புள்ளி விழுந்தால் அதுவே தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12.

தாயம் விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தவர் மீண்டும் ஒருமுறை உருட்டலாம். நம் காய் எதிரியின் காய் நிற்கும் கட்டத்தில் சென்று சரியாக நின்றால் அது 'வெட்டு'. வெட்டுப்பட்ட காய் வீட்டுக்குத் திரும்பி, மறுபடியும் தாயத்துக்காகக் காத்திருக்க வேண்டும். வெட்டியவருக்கு இன்னொரு முறை உருட்டும் உரிமை உண்டு. ஒரு காயையாவது வெட்டாதவர் உள்வட்டத்துக்குள் நுழைய முடியாது. எல்லாக் காய்களையும் முதலில் பழமாக்கியவரே வென்றவர்.

ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விதிகள் சற்று மாறும். ஏழுக்கு ஏழாக 49 கட்டம் வரைந்து 6 காய்களுடன் ஆடுவோர் உண்டு. பித்தளைக் கட்டை இல்லாதோர் நான்கு சோழிகளையோ, ஒருபுறம் வெள்ளையாகத் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகளையோ குலுக்கிப் போடுவர். ஆகவே எந்த வீட்டில் ஆடினாலும், முதலில் விதிகளைப் பேசி முடித்துக்கொண்டு பிறகு உட்காருவதே நலம். பாதி ஆட்டத்தில் எழும் சண்டைகளில் பெரும்பகுதி இதனால் தவிர்க்கப்படும்.

கட்டை விழும் கணக்கு

"எல்லாம் அதிர்ஷ்டம்தானே, இதில் படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். நாம் கணிதப் பாடத்தில் படிக்கும் நிகழ்தகவு இங்கே கைகொடுக்கிறது. ஒரு கட்டைக்கு நான்கு முகங்கள் என்றால், இரண்டு கட்டைகள் விழக்கூடிய வகைகள் நான்கு பெருக்கல் நான்கு, அதாவது 16. அவற்றைப் பொறுமையாக எழுதிப் பார்த்தால் பின்வருமாறு அமையும்.

தாயம் விழ 2 வகை. இரண்டு விழ 3 வகை. மூன்று விழ 4 வகை. நான்கு விழ 3 வகை. ஐந்து விழ 2 வகை. ஆறு விழ 1 வகை. பன்னிரண்டு விழ 1 வகை. கூட்டினால் 16.

ஆகவே மிகுதியாக விழும் எண் மூன்றே. அரிதாக விழுபவை ஆறும் பன்னிரண்டும். தாயம் விழுவது சராசரியாக 8 முறைக்கு ஒரு முறை. அப்படியானால் எட்டாம் முறை கட்டாயம் தாயம் விழுமா? விழாது. 8 முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமற்போக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஏனெனில் கட்டைக்கு நினைவு கிடையாது. சென்ற முறை என்ன விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. "இத்தனை முறை தோற்றேன், இனி எனக்கு விழுந்தே தீரும்" என்ற எண்ணம் கணக்குக்குப் புறம்பானது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சூதைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

அறிவோடு ஆடும் முறை

எங்கள் ஆயா எழுத்துக் கூட்டிப் படிப்பவர். நிகழ்தகவு என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. ஆனால் என் தம்பியும் நானும் அவரை வென்ற நாள்கள் மிகச் சில. ஒருநாள் தம்பி, தாயம் விழவில்லை என்று அழுது கட்டையை வீசியபோது அவர் சொன்னார்: "கட்டை நம்ம பேச்சைக் கேக்காது கண்ணு. காய் கேக்கும். அதை ஒழுங்கா நகர்த்து." அவர் ஆடுவதைக் கூர்ந்து கவனித்து, மேற்கண்ட கணக்கோடு ஒப்பிட்டு நான் அறிந்துகொண்ட சில வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, எதிரியின் காய்க்கு முன்னால் எத்தனை கட்டம் தள்ளி நிற்கிறோம் என்று எண்ண வேண்டும். 3 கட்டம் தள்ளி நின்றால், அவருக்கு 16-இல் 4 வகை நேரே வெட்டும். 6 கட்டம் தள்ளி நின்றால் ஒரே ஒரு வகைதான். 7 கட்டம் தள்ளி நின்றால் ஒரே எண்ணில் எட்டவே முடியாது. ஆறும் ஒன்றும், அல்லது ஐந்தும் இரண்டும் போல அடுத்தடுத்து விழ வேண்டும்.

இரண்டாவது, எல்லா அடிகளையும் ஒரே காய்க்குக் கொடுத்து ஓட்டக் கூடாது. முக்கால் வழி சென்று வெட்டுப்படும் காய் எல்லா உழைப்பையும் ஒரே நொடியில் இழக்கிறது. இரண்டு மூன்று காய்கள் களத்தில் இருந்தால், எந்த எண் விழுந்தாலும் அதற்கேற்ற ஒரு காய் நம்மிடம் இருக்கும்.

மூன்றாவது, மலையில் நிற்கும் காயை அவசரப்பட்டு இறக்கக் கூடாது. அதே சமயம், எதிரி மலையில் நின்றால் அவருக்குப் பின்னால் நம் காயை வைத்துக் காத்திருக்கலாம். வேறு காய் இல்லாத நேரத்தில் அவர் இறங்கியே ஆக வேண்டும்.

நான்காவது, முதல் வெட்டைத் தொடக்கத்திலேயே தேட வேண்டும். வெட்டு இல்லாதவரின் காய் வெளிவட்டத்தின் முடிவில் வாசலில் நின்று தவிக்கும்.

ஐந்தாவது, பழத்துக்கு அருகில் காய்களை வெவ்வேறு தொலைவில் நிறுத்த வேண்டும். இரண்டு காய்களும் பழத்துக்கு 3 கட்டம் முன்னால் நின்றால் 4 வகைதான் உதவும். ஒன்று 3 கட்டத்திலும் மற்றொன்று 4 கட்டத்திலும் நின்றால் 7 வகைகள் உதவும். காய்கள் அதே இரண்டுதான். நிற்கும் இடம் மாறியதால் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது.

கடல் கடந்த உறவினர்

நம் தாயத்துக்கு மேல்நாடுகளில் ஓர் உறவினர் உண்டு. ஆங்கிலேயர் அதைப் 'பேக்கேமன்' என்பர். இப்பெயர் 17-ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. இருவர் மட்டுமே ஆடுவது இது. பலகையில் கூரிய முக்கோண வடிவில் 24 இடங்கள். ஆளுக்கு 15 காய்கள். ஆறு முகமுள்ள இரண்டு பகடைகள். இருவரும் எதிரெதிர்த் திசையில் காய்களை நகர்த்தித் தம் வீட்டுப் பகுதிக்குக் கொண்டுசேர்த்து, பின் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். தனியாக நிற்கும் காய் வெட்டுப்படும். இரண்டு காய்கள் சேர்ந்து நின்றால் வெட்டுப்படாது. தாயத்தில் மலை காப்பாற்றுகிறது. பேக்கேமனில் துணை காப்பாற்றுகிறது!

அங்கும் கணக்கு இதேதான். இரண்டு பகடைகள் விழும் வகைகள் 36. எதிரியிடமிருந்து 6 இடம் தள்ளி நிற்கும் தனிக் காயை, நடுவில் தடை இல்லாதபோது 17 வகைகள் வெட்டும். 7 இடம் தள்ளி நின்றால் 6 வகைகள் மட்டுமே வெட்டும். ஓர் அடி வித்தியாசத்தில் எவ்வளவு பாதுகாப்பு!

துருக்கியில் இதைத் 'தாவ்லா' என்றும், ஈரானில் 'நர்து' என்றும், கிரேக்க நாட்டில் 'தாவ்லி' என்றும் அழைத்துச் சிறுசிறு மாற்றங்களுடன் ஆடுகின்றனர். கிரேக்கரின் ஒரு வகையில் காயை வெட்டி வெளியேற்றுவதில்லை. அதன் மேல் நம் காயை வைத்து நகரவிடாமல் அமுக்கிவிடுவார்கள்.

பழைமையும் பயணமும்

ஈராக் நாட்டில் 'ஊர்' என்றே பெயர் கொண்ட ஒரு பழம்பெரும் நகரம் இருந்தது. அங்கு 1920-களில் லியோனார்டு ஊலி நடத்திய அகழாய்வில், 20 கட்டங்களுடைய அழகிய ஆட்டப் பலகைகள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள். ஐந்து கட்டங்களில் பூ வரையப்பட்டிருக்கிறது. கி.மு. 177-ஐச் சேர்ந்த ஒரு களிமண் ஏட்டைப் படித்து, அவ்வாட்டத்தின் விதிகளை விளக்கியவர் பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் இர்விங் ஃபிங்கல். இதைவிட வியப்பு ஒன்று உண்டு. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கொச்சி நகரத்து யூதக் குடும்பங்களில் 20 கட்டமுள்ள இத்தகைய ஆட்டம் 1950-கள் வரை ஆடப்பட்டு வந்ததாம்!

நம் நாட்டிலும் பகடையின் வரலாறு நீண்டது. மொகஞ்சதாரோவில் பகடைகள் கிடைத்தன. நம் மாநிலத்தில் சிவகங்கை மாவட்டம் கீழடியிலும் பகடைகள் கிடைத்திருக்கின்றன. அக்பர் காலத்து ஆட்டங்களை விவரிக்கும் 'அயினி அக்பரி' என்னும் நூலில், நாம் சொக்கட்டான் என்று அழைக்கும் ஆட்டம் இடம்பெற்றுள்ளது. இக்குடும்பத்தைச் சேர்ந்த பச்சீசி என்னும் ஆட்டமே, 1896-இல் இங்கிலாந்தில் 'லூடோ' என்ற பெயரில் புது உருவம் பெற்றது. இன்று நாம் கைப்பேசியில் ஆடும் லூடோ, நம் வீட்டிலிருந்து கடல் கடந்து சென்று, வேறு சட்டை அணிந்து திரும்பி வந்த பிள்ளை என்றால் அது மிகையாகாது.

பாரசீகக் கவிஞர் பிர்தௌசி 1010-இல் முடித்த 'ஷாநாமா'வில் ஒரு கதை உள்ளது. இந்திய மன்னர் ஒருவர் சதுரங்கப் பலகையைப் பாரசீகத்துக்கு அனுப்பி, "இதன் விதியைக் கண்டுபிடியுங்கள்" என்று சவால் விட்டாராம். அமைச்சர் புசுர்சுமிகர் அதைக் கண்டுபிடித்ததோடு நில்லாமல், நர்து ஆட்டத்தைப் புதிதாக அமைத்துப் பதில் சவாலாக இந்தியாவுக்கு அனுப்பினாராம்.

இன்னொரு கதை ஸ்பெயினிலிருந்து. காஸ்தில் நாட்டு மன்னர் பத்தாம் அல்போன்சோ 1283-இல் ஆட்டங்களைப் பற்றி ஒரு நூல் செய்வித்தார். அதன் தொடக்கத்திலும் ஓர் இந்திய அரசர் வருகிறார். வாழ்வில் பெரியது அறிவா, அதிர்ஷ்டமா என்று மூன்று ஞானிகளை அவர் கேட்கிறார். அறிவே பெரிது என்றவர் சதுரங்கத்தைக் கொண்டுவருகிறார். அதிர்ஷ்டமே பெரிது என்றவர் வெறும் பகடையைக் கொண்டுவருகிறார். இரண்டையும் சேர்த்து நடப்பதே நன்று என்ற மூன்றாமவர், பேக்கேமனின் முன்னோடியான பலகை ஆட்டத்தைக் கொண்டுவருகிறார். மூன்றாமவரின் கட்சியில் தாயமும் சேரும் என்பதில் ஐயமில்லை.

இக்காலத்தில் ஒரு சான்று. 1979-இல் மான்டி கார்லோவில், ஹான்ஸ் பெர்லினர் உருவாக்கிய கணிப்பொறி நிரல் ஒன்று, பேக்கேமன் உலக வீரர் லூயிஜி வில்லாவை 7-க்கு 1 என்று வென்றது. பின்னர் ஆட்டத்தை ஆராய்ந்த பெர்லினரே, மனிதர்தான் சிறப்பாக ஆடினார், பகடை தம் கணிப்பொறிக்குச் சாதகமாக விழுந்தது என்று ஒப்புக்கொண்டார். நன்றாக ஆடியவர் தோற்கவும் கூடும். இந்த உண்மையை ஏற்றுக்கொள்ளக் கற்பிப்பது இவ்வகை ஆட்டங்களின் தனிச்சிறப்பு.

சூது நுழையும் இடம்

இனி முதற்கேள்விக்கு வருவோம். திருவள்ளுவர் 'சூது' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அது திருக்குறளின் 94-ஆம் அதிகாரம். பாஞ்சாலி சபையில் நின்று கண்ணீர் விட்டதும், தமயந்தி காட்டில் தனித்துத் திரிந்ததும் நாம் பாடத்தில் படித்தவை. இவ்விரு கதைகளிலும் ஆடியவர்கள் ஆண்கள், அழுதவர்கள் பெண்கள் என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும்.

பிரான்சு நாட்டு மன்னரான புனித லூயி, 1250-இல் எகிப்திலிருந்து கப்பலில் சென்றுகொண்டிருந்தார். ஒரு தம்பியைப் போரில் இழந்த துயரம், உடலில் நோயின் தளர்ச்சி. அப்போது மற்றொரு தம்பி பகடையாடிக் கொண்டிருப்பதை அறிந்து, தள்ளாடிச் சென்று பகடைகளையும் பலகைகளையும் கடலில் எறிந்தாராம். உடன் சென்ற ஜுவான்வீல் இதை எழுதி வைத்திருக்கிறார். எதிரே ஆடிக்கொண்டிருந்தவர் பலகையில் கிடந்த பணத்தையெல்லாம் தம் மடியில் வாரிக்கொண்டார் என்ற செய்தியையும் அவர் விடவில்லை! பணம் இருந்ததால் அது சூது. துயரத்தில் இருந்த உடன்பிறந்தவரை மறக்கச் செய்ததால் அது கேடு.

வேதாகமத்தில் இயேசுவின் ஆடைக்காகப் போர்வீரர்கள் சீட்டுப் போட்டதை வாசிக்கிறோம். யூதாசின் இடத்துக்கு மத்தியா தெரிந்தெடுக்கப்பட்டதும் சீட்டு விழுந்தே என்று அப்போஸ்தலர் பணி கூறுகிறது. விழுவது ஒன்றே. எதற்காகப் போடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் கைப்பேசியில் பணம் வைத்து ஆடத் தொடங்கினார். முதலில் சிறு தொகை வென்றார். பிறகு விட்டதைப் பிடிக்க மேலும் மேலும் வைத்தார். மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்த தொகை போயிற்று. அந்த அக்கா நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும் ஓராண்டு வீட்டில் இருக்க நேர்ந்தது. "அடுத்த முறை விழுந்தே தீரும்" என்று அவரை நம்பவைத்தது எதுவோ, அது கணக்குக்குப் புறம்பானது என்று மேலே கண்டோம். இத்தகைய துன்பங்கள் பெருகியதால்தான் 2023-இல் நம் மாநிலத்தில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2025-இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் எங்கள் தெருவில் சில வீடுகளில் தாயக்கட்டையையும் பரணில் ஏற்றிவிட்டார்கள். அவர்களின் அச்சம் நியாயமானதே. ஆயினும் பணிவோடு ஒன்று சொல்வேன். திண்ணையில் தாயம் ஆடித் தோற்றவள் இழப்பது ஒரு புளியங்கொட்டை. யார் வென்றார், எப்படி வென்றார் என்பதை எதிரே அமர்ந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். விளக்கு வைத்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும். கைப்பேசிச் சூதிலோ எதிரே யார் இருக்கிறார் என்றே தெரியாது, முடிவு என்பதும் இல்லை. கட்டையால் வருவதன்று கேடு. காசால் வருவது. தாயத்தில் தோற்றுப் பழகி, கட்டைக்கு நினைவில்லை என்று கணக்கிட்டு அறிந்த பெண், பிற்காலத்தில் அத்தகைய வலையில் எளிதில் விழமாட்டாள் என்பது என் நம்பிக்கை.

முடிவுரை

பொதுத் தேர்வில் எந்த வினா வரும் என்பது நம் கையில் இல்லை. வந்த வினாவுக்கு எழுதும் விடை நம் கையில் இருக்கிறது. தாயமும் அவ்வாறே. ஆகவே தோழியரே, தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும், பரணில் இருக்கும் கட்டைகளைப் பெரியவர்களின் அனுமதியோடு இறக்கிப் புளி போட்டுத் துலக்குங்கள். 25 கட்டம் வரையுங்கள். காசு வைப்பதில்லை என்பதை முதல் விதியாகச் சொல்லிவிடுங்கள். பாட்டியை அழைத்து எதிரே உட்கார வையுங்கள். உங்கள் வீட்டு விதி எது, எங்கள் வீட்டு விதி எது என்று பள்ளி திறந்ததும் ஒப்பிட்டுப் பேசுவோம்.